மண்டியில் புற்று முளைக்கவில்லை

ராயபுரம்,
14 நவம்பர் 1954, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமும் எங்கள் மரியாதைக்கு உரியவர்களுமான மதினி தங்கபுஷ்பம் அம்மாள் அவர்களுக்கு, தம்பி பெஞ்சாதி தேவப்பிரியம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் சுகம் என்று எழுத வேண்டிய வரி இது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் அதை எழுதியிருக்கிறேன். காய்ச்சலில் படுத்துக்கொண்டும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை அதைத் தாண்டிப் போகிறேன், மன்னிக்க வேண்டும். அங்கு உங்கள் முழங்கால் வலியும் அண்ணனுடைய இருமலும் மழைக்கு அதிகமாகாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கார்டு கிடைத்தது. தம்பியின் கருப்பட்டி மண்டியில் புற்று முளைத்திருப்பதாகவும், கிறிஸ்தவனுடைய கடைக்குள் குப்பத்துப் பெண்கள் வந்து பால் ஊற்றிக் கற்பூரம் கொளுத்தியதாகவும், சரக்கோடு வந்து திரும்பிய தரகர் ஒருவர் உங்களிடம் சொன்னாராம். படித்த பெண் ஒருத்தி வீட்டில் இருந்தும் இப்படியா என்று கேட்டிருக்கிறீர்கள். குருவானவரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணி, ஆள் வைத்து அந்தப் புற்றை இடித்துப் போடும்படியும் எழுதியிருக்கிறீர்கள். கார்டு என்பதால் தபால்காரரும் அதை வாசித்திருக்கிறார். பாம்பு எத்தனை அம்மா என்று கேட்டுக்கொண்டேதான் கொடுத்தார்.

பால் வந்தது உண்மை. முட்டையும் மஞ்சளும் வந்தன. கற்பூரம் கொளுத்தியதும் உண்மை, நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் மண்டியில் புற்று எதுவும் முளைக்கவில்லை. முளைத்திருப்பது உங்கள் தம்பிக்கு உள்ளே. டாக்டர் அதைக் கேன்சர் என்றார். பத்திரிகைகளில் அதற்குப் புற்று என்று பெயர் போடுகிறார்கள். நடந்த குழப்பம் முழுவதும் அந்தப் பெயரால் வந்தது. நீங்கள் நின்றுகொண்டு வாசிக்கிறீர்கள் என்றால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆண்களுக்கு மூத்திரப்பையின் அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஐம்பத்தெட்டு வருஷமாக அது அங்கே இருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பி.ஏ. வாசித்த காலேஜில் மனித உடம்பு இடுப்போடு முடிந்துவிடும். போன சித்திரையிலிருந்தே அவர் அடிக்கடி கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார். போனால் சீக்கிரம் வருவதும் இல்லை. கேட்டால் மெட்ராஸ் தண்ணீர் என்பார். முப்பது வருஷமாகக் குடிக்கிற தண்ணீர் இந்தச் சித்திரையில் ஏன் கெட்டுப்போயிற்று என்று கேட்டேன், செம்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குப் போய்விட்டார். கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்து கட்டைக் குரலில் பாடுகிறவர், கதவுக்குப் பக்கத்தில் கடைசி பெஞ்சுக்கு மாறினார். பிரசங்கத்தின் நடுவே இரண்டு முறை வெளியே போனதால், அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று விசாரிக்கக் குருவானவர் வீட்டுக்கு வந்தார். விசுவாசத்தில் குறையில்லை என்று நான் சொன்னேன். அதற்கு மேல் விளக்கினால் குருவானவருக்கே சங்கடமாகப் போயிருக்கும்.

மண்டியில் நடந்ததைக் கேளுங்கள். பேரம் பேசும்போது விலையை வாயால் சொல்லமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வார்கள். சரியாக அந்தச் சமயத்தில் உங்கள் தம்பிக்கு முட்டும். துண்டை உதறி எறிந்துவிட்டு எழுந்து ஓடுவார். சரக்கு கொண்டுவந்தவர், தாம் பிடித்த விரல் பிடிக்காமல்தான் இவர் கோபித்து எழுந்துவிட்டார் என்று பயந்து, இவர் திரும்பி வருவதற்குள் விலையை இறக்கி வைத்திருப்பார். ராசையா அண்ணாச்சி இப்போது ரொம்பக் கறாராகிவிட்டார் என்று உடன்குடி வியாபாரிகள் மத்தியில் பேச்சாம். அவர் மூன்று மாதம் டாக்டரிடம் போகாமல் கடத்தியதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பிறகு ஒரு காலையில் மூத்திரத்தோடு ரத்தம் போயிற்று. அதை என்னிடம் சொல்லவில்லை. கொல்லையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்கும் சத்தம் கேட்டு நான்தான் போய்ப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செய்த பரிசோதனை என்னவென்று எழுதமாட்டேன். வெளியே வந்தவர், பஸ்ஸில் இடம் இருந்தும் ராயபுரம் வரும்வரை உட்காரவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. இரண்டாம் தடவை போனபோது எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்திருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்று தெரிந்ததும் இங்கிலீஷில் என்னிடமே பேசத் தொடங்கிவிட்டார். உங்கள் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தாழ்வாரத்துக்கு வந்த பிறகு, "என்னவாம்?" என்று கேட்டார். கேன்சர் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்த வார்த்தை வரவில்லை. தமிழில் சொன்னால் கொஞ்சம் சின்னதாக இருக்கும் என்று தோன்றியது. "புற்றாம்" என்றேன்.

அதற்கு வைத்தியம் இரண்டு. ஒன்று மாத்திரை. இன்னொன்று ஆபரேஷன். இந்தப் புற்றுக்குத் தீனி உடம்பின் ஆண்தன்மையிலிருந்து போகிறதாம். தீனியை நிறுத்தினால் புற்று வாடுமாம். ஆகவே தீனி எங்கிருந்து போகிறதோ அதை எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எடுக்க வேண்டியவை இரண்டு. மதினி, நீங்கள் நான்கு பிள்ளை பெற்றவர்கள், இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. அவருக்கும் நான் இப்படித்தான் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டு, "காளைக்கன்னுக்குச் செய்வாவளே, அதத்தான சொல்லுதான்? நேராச் சொல்லேன்" என்றார். ஆமாம் என்றேன். "அப்பம் வண்டியில பூட்டவும் சொல்லுதானா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார், அவ்வளவுதான்.

மாத்திரையாவது சாப்பிட்டார். சின்ன வெள்ளை மாத்திரை. ஒரு வாரம் கழித்து, இது என்ன சத்து என்று மருந்துக்கடையில் கேட்டிருக்கிறார். கம்பவுண்டர், பெண்களுக்கு உடம்பில் ஊறுகிற சத்தைத்தான் மாத்திரையாக்கி இருக்கிறார்கள் என்று ரொம்ப உதவியாகச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. குளிக்கும்போது, சட்டை போடும்போது, தீப்பெட்டி தேடும்போது, கட்டைக் குரலில் கீர்த்தனை. பக்தி அதிகமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். குரல் மெலிந்துவிட்டதா என்று அவர் சோதித்துப் பார்க்கிறார் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. மார்பு லேசாகக் கனத்து வலிக்கிறது என்று சொன்னார், மாத்திரையால் அப்படி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மழையே இல்லாத நாளிலும் துண்டை மார்பை மூடிப் போர்த்திக்கொண்டு மண்டியில் உட்கார ஆரம்பித்தார். கடல்காற்று ஆகவில்லையா அண்ணாச்சி என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு யார் சொல்வதையும் அப்படியே நம்புகிற வழக்கம் இல்லை. ஒரு சனிக்கிழமை யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போய், வைத்தியப் புத்தகத்தை வாங்கி, அந்த அத்தியாயத்தை எடுத்தேன். டாக்டர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில், இந்த நோயாளிகள் எத்தனை காலம் இருப்பார்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். தலைப்பை வாசித்தேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டும்போல் இருந்தது. துடைத்தேன். பிறகு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். லைப்ரரியில் வேலை பார்க்கிறவர், "அதுக்குள்ள முடிச்சாச்சா?" என்றார். முடித்துவிட்டேன் என்றேன். பம்பாயில் இருக்கிற மகனுக்கு அன்று எழுத உட்கார்ந்து, அங்கே மழை எப்படி என்று மட்டும் விசாரித்து ஒட்டி அனுப்பினேன்.

இப்போது புற்று விஷயத்துக்கு வருகிறேன். எத்திராஜ் என்று மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி ஒருவன் உண்டு. நீங்கள் வந்திருந்தபோது உங்கள் டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வந்து, உள்ளே என்ன, கல்லா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவன். அவன் ஒருநாள் உங்கள் தம்பியின் முகத்தைப் பார்த்து, "இன்னா நைனா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? வூட்ல டீச்சரம்மா எதுனா சொல்லிச்சா?" என்று கேட்டிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனுஷர் அவனிடம் வாயைத் திறந்திருக்கிறார். "புத்து வச்சிருக்குலே" என்று சொல்லியிருக்கிறார். எங்கே என்று அவன் கேட்க, "கீழதான். உள்ளுக்குள்ள. ரொம்ப நாளா இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றாராம். எத்திராஜ் கீழே பார்த்திருக்கிறான். அடுக்கி வைத்த கருப்பட்டிச் சிப்பங்கள், அவற்றுக்கு அடியில் பலகை, பலகைக்கு அடியில் இருட்டு. பாம்பு கீதா நைனா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லையாம். அன்று முழுவதும் மூட்டை இறக்குகிறவர்கள் பலகைமேல் கால் வைக்காமல் எட்டி எட்டித் தாண்டியே வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் தம்பி அதைக் கண்டு, தம் நோய் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மரியாதைக்காக மெதுவாக நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

எத்திராஜுடைய மாமியார் குப்பம்மா, காசிமேட்டுக்காரி, நம் வீட்டுக்கும் மீன் கொண்டுவருகிறவள். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பத்துப் பெண்கள் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு, செம்பில் பாலும் தட்டில் முட்டையுமாக மண்டிக்கு வந்துவிட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததை எத்திராஜ் பிற்பாடு எனக்கு நடித்தே காட்டினான்.

குப்பம்மா வாசலில் நின்று, "நைனா, நீ இன்னா செஞ்சாலும் சரி, அத்த மட்டும் இடிச்சிடாதே. கைய வெச்சா குடும்பத்துக்கு ஆவாது" என்றாளாம்.

தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்குக் கட்டை கிடைத்தமாதிரி உங்கள் தம்பி எழுந்து நின்றாராம். "அப்படியா சொல்லுத? டாக்டர் எடுத்தே ஆகணும்னு சொல்லுதாரே?"

"எந்த டாக்டரு? இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? ஒத்தியூரு கோயில்ல சாமியே புத்து தான். வருசத்துல மூணு நாளு தான் கவசத்த எடுத்துட்டு காட்றாங்கோ. அத்தப் போயி எந்த டாக்டரு எடுத்துடுவான்?"

"எடுக்காட்டா வளருமே, குப்பம்மா?"

"வளந்துட்டுப் போவுது. வளர வளர வூட்டுக்கு நல்லதுதான்."

"வலிக்கே."

இதற்குக் குப்பம்மா கொஞ்சம் யோசித்தாளாம். மண்டி முதலாளி இவ்வளவு இளகின மனசுக்காரர் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. "அதுக்குத்தான் பாலு. ஊத்துனா எல்லாம் அடங்கிடும்" என்றாள்.

"நான் குடிக்கணுமா?"

"நீ இன்னாத்துக்கு குடிக்கிற? அதும்மேல ஊத்தணும். நாங்களே ஊத்தறோம். எங்க கீதுன்னு காட்டு."

நான் பள்ளிக்கூடத்திலிருந்து குடையை மடக்கிக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தது இந்த இடத்தில்தான். உங்கள் தம்பி கருப்பட்டி அடுக்கோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்தபடி நின்றார். எதிரே பெண்கள் பால் செம்போடு நெருங்கி, காட்டு நைனா, கூச்சப்படாதே, சாமி காரியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லமுடியாது. கலியாணத்தன்று கோவிலில் நான் உள்ளே வந்தபோதுகூட அவர் இவ்வளவு ஆவலாகப் பார்த்ததில்லை.

எனக்கு அதிகம் பேசிப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் பேசுவேன், அது பாடம். ஆனால் யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். "புத்து மண்டியில இல்லை, குப்பம்மா. அவருக்கு. கேன்சர்" என்றேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வராத வார்த்தை அந்த மண்டியில் வந்துவிட்டது.

அந்த இங்கிலீஷ் வார்த்தை குப்பத்துக்கும் தெரிந்திருந்தது. ஒரு பெண் முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். உங்கள் தம்பி அதைப் பார்த்துவிட்டார். வேட்டியைப் பிடித்திருந்த கை தானாக விட்டுப்போயிற்று. மதினி, டாக்டர் சொன்னபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை. இந்தத் தெருவில் முப்பது வருஷமாக எல்லோரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசிய மனுஷர். இனிமேல் இப்படித்தான் இருக்குமோ என்று அவர் நினைத்தது எனக்குக் கேட்டது. நானும் அதைத்தான் நினைத்தேன்.

குப்பம்மா மட்டும் நகரவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, "எந்த எடத்துல?" என்று கேட்டாள். அவரே சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே, "ரெண்டையும் எடுக்கணுமாம்" என்றும் சொன்னார். அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அது வந்தது அப்போதுதான், அதுவும் இத்தனை பெண்கள் முன்னால்.

"எடுத்தா உசுரு நிக்குமா?"

"நிக்கலாம்னு சொல்லுதான். நிச்சயமாச் சொல்ல மாட்டேங்கான்."

"அப்பறம் இன்னாத்துக்கு யோசன பண்ணிகினு கீறே? எங்க வூட்டு ஆளு ரெண்டையும் பத்ரமாத்தான் வெச்சினு இருந்தாரு. வெச்சிகினு இன்னா கிழிச்சாரு? நேரா சாராயக் கடைக்கு நடந்தாரு, நேரா வூட்டுக்கு நடந்தாரு. அதுக்கு ரெண்டு காலு போதும்."

பெண்கள் சிரித்தார்கள். முந்தானையால் மூக்கை மூடியவளும் அதே முந்தானையை வாய்க்கு இறக்கிக்கொண்டு சிரித்தாள். எத்திராஜ் மாமியாரை அதட்டினான். அதட்டும்போதே அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் தம்பி திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தேன். எது என்று எனக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

பால் விஷயம் பாக்கி. நேர்ந்துகொண்டு எடுத்து வந்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாதாம். புற்று இல்லாவிட்டால் என்ன, பூமி இருக்கிறதே என்று மண்டியின் மூலையில் ஊற்றிக் கற்பூரம் கொளுத்திவிட்டு, உங்கள் தம்பி பெயரைச் சொல்லி எல்லோரும் கும்பிட்டார்கள். நான் தடுக்கவில்லை. உங்கள் தரகர் பார்த்தது அதைத்தான். இதில் பாவம் ஏதும் இருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்று இராச் சாப்பாட்டின்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஏட்டி, நான் பொம்பள மாதிரி ஆயிருவனோ?" என்று கேட்டார்.

"நாப்பத்தெட்டு வருஷமா நான் அப்படித்தான் இருக்கேன். செத்தா போயிட்டேன்?" என்றேன்.

கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "நீ டீச்சர். ஒனக்கென்ன" என்றார். பிறகு ரசம் கேட்டார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று அதற்கு அர்த்தம்.

ஆபரேஷனுக்கு அவர் முறை நாளைத் திங்கட்கிழமைதான் வருகிறது. இடையில் இருந்த நாட்களில் அவர் காலையில் போவோம் என்பார், சாயங்காலம் பார்ப்போம் என்பார். ஒருநாள் சட்டை மடித்து வைத்தார், மறுநாள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். முதுகெலும்பில் வலி என்கிறார். மூட்டை தூக்கிய வலி என்று சொல்கிறேன். அவர் மூட்டை தூக்கி இருபது வருஷம் ஆகிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எலும்புக்குப் போயிருந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டேன். முதலில் இதைச் செய்வோம் என்றார். நாளைக் காலையில் கதவைத் திறக்கும்போது அவர் எந்தப் பக்கம் திரும்புவார், ஆஸ்பத்திரிப் பக்கமா, மண்டிப் பக்கமா என்பது இதை எழுதுகிற நேரம்வரை எனக்குத் தெரியாது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பது தெரியும்.

நீங்கள் புறப்பட்டு வந்துவிடுவீர்களோ என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். வர வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் வந்தால் அவர் உடனே உங்கள் தம்பி ஆகிவிடுவார், கஞ்சியும் தடவலும் வேண்டியிருக்கும். நாளைக்கு எனக்கு ஐம்பத்தெட்டு வயசு ஆள் ஒருவர் தேவை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் வெட்கத்திலேயே ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்துவிடுவார். சபையில் ஜெபத்துக்குக் கொடுப்பதானால், ராசையாவின் சுகவீனத்துக்காக என்று மட்டும் கொடுங்கள். உறுப்பின் பெயர் ஆண்டவருக்குத் தெரியும். ஊரில் யாரும் கேட்டால் கல்லடைப்பு என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை.

என்னைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். விஷயம் தெரியாதவர்களுக்குத்தான் பயம் வரும். எனக்கு விஷயம் எல்லாம் தெரியும். புத்தகத்தில் பார்த்தேன், டாக்டரைக் கேட்டேன், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆகையால் நான் பயப்படவில்லை. இதைத் திடமாகவே எழுதுகிறேன். நான் ஒருத்தியே சமாளித்துக்கொள்வேன்.

அண்ணனுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். கடைக்குட்டியைப் பள்ளிக்கூடத்துக்குத் தவறாமல் அனுப்பச் சொல்லுங்கள். நம் எல்லோரையும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி கர்த்தர் இன்னும் கொஞ்ச காலம் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்குரிய,
தேவப்பிரியம் ராசையா.

பின்குறிப்பு: இன்று திங்கள், முற்பகல். தபாலில் போட எடுத்துவந்த உறையைப் பிரித்து, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சேர்க்கிறேன். அவர் கதவைத் திறந்து ஆஸ்பத்திரிப் பக்கமே திரும்பினார். தெருமுனை ஜஹாங்கீரின் ரிக்ஷாவில் வந்தோம். வழியெல்லாம் ஜஹாங்கீரோடு அரிசி விலை பேசிக்கொண்டு வந்தவர், வாசல் வந்ததும் இறங்கிவிட்டார். நான் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், கால் அசையவில்லை. இன்னொரு நாள் வரலாமே என்று நான் சொன்னதாக அவர் சொல்கிறார். சொல்லியிருப்பேன். ஜஹாங்கீர் வண்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நைனா, சீக்கு ஆருக்கு? ஒனக்கா, அம்மாவுக்கா?" என்று கேட்டார். "சீக்கு எனக்கு. பயம் அவளுக்கு" என்று சொல்லி, உங்கள் தம்பி கையை நீட்டினார். நடுத்தெருவில் என் கையைப் பிடித்து இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவர் உள்ளே இருக்கிறார். கதவு மூடியிருக்கிறது. இவ்வளவு நேரம் ஆகுமா என்று கேட்க எனக்கு எழுந்து போகத் தைரியம் இல்லை. வர வேண்டாம் என்று மேலே எழுதியது என் கையெழுத்துத்தான், நம்பாதீர்கள். கிடைக்கிற ரயிலில் ஏறி வாருங்கள் மதினி. இந்தப் பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் இருக்கிறது.